ஆமைத் தீவு வலப்பக்கம் வரும்

கப்பல் பயணம் போகிறவர்கள் முதலில் யூச்சிங்கிடம்தான் வருவார்கள். தாவ்யுவானில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்துப் பெண்களின் கைப்பேசிக் குழுவில் யாராவது கேள்வி போட்டால், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் அவள் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். அவள் பதில்கள் சுருக்கமானவை. "பஃபேயில் வாசல் பக்கத்து வரிசையில் நிற்காதீர்கள், அதே பண்டங்கள் பின்பக்கமும் இருக்கின்றன." "அறைச் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி எடுத்துப்போனால் ஈரத்துணி மாட்டலாம்." "இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி கேளுங்கள், வயதானவர்களுக்குப் பசி தாங்காது." "வயதானவர்களுக்குக் கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. ஆட்டம் குறைவு." "கீலுங் துறைமுகத்திலிருந்து இஷிகாகித் தீவுக்குப் போகிறவர்களுக்கு ஆமைத் தீவு வலப்பக்கம் வரும். பால்கனி எடுப்பதானால் வலப்பக்கம் கேளுங்கள்."

எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட அவள் கேள்விப்பட்டு எழுதியதில்லை, பட்டு எழுதியவை.

அன்னையர் தினத்துக்கு அம்மாவைக் கப்பலில் அழைத்துப்போகப்போவதாக எழுதியபோது குழுவில் பூக்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. "உங்கம்மா கொடுத்து வைத்தவர்" என்று நாலு பேராவது எழுதினார்கள். யூச்சிங் அதை அம்மாவுக்குப் படித்தும் காட்டினாள்.

அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில், ஜன்னல் இல்லாத உள்ளறை. யூச்சிங்குக்கும் அவள் கணவன் தெகுவாங்குக்கும் ஐந்து தளம் மேலே, வலப்பக்கம், பால்கனி அறை. "பக்கத்துப் பக்கத்துல கிடைக்கலம்மா, எங்க ரூமும் உன்னோடது மாதிரிதான்" என்று சொல்லியிருந்தாள். முதல் பாதியாவது கொஞ்சம் உண்மை. தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

பணம் காரணமில்லை. பணமாக இருந்திருந்தால் தனக்குள்ளேயாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். அம்மா பக்கத்து அறையில் இருந்தால் கதவைத் தட்டுவாள். குளித்தாயா, சாப்பிட்டாயா, இந்தக் குழாயில் சுடுதண்ணீர் எந்தப் பக்கம் என்று தட்டுவாள். வேண்டியது மூன்று நாள்தான். அந்த மூன்று நாளில் யாரும் தட்டாத கதவு ஒன்று. அதை இப்படி நேராகச் சொல்லிப் பார்க்க யூச்சிங் தன்னை அனுமதித்ததில்லை. கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு என்ற வாக்கியம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் அம்மாவை என்ன செய்யும்? அம்மா நான்ஃபாங்ஆவ் துறைமுகத்தில் நாற்பது வருஷம் கானாங்கெளுத்தியின் குடலை உருவி எறிந்தவள். அப்பா படகில் போனவர். ஆனால் அம்மா ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. பெண்ணின் கால் பட்டால் மீன்பிடிப் படகுக்கு ஆகாது. கயிற்றைக் கரையிலிருந்து தூக்கிப் போடலாம், சோற்றுத் தூக்கை நீட்டலாம், கால் மட்டும் வைக்கக் கூடாது. அப்பா இறந்து பதினோரு வருஷத்துக்குப் பிறகு, எண்பத்தொரு வயதில், கீலுங்கில் ஏணிப்பாலத்தின் முன்னால் அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு வலது காலை எடுத்து வைத்தாள். "யாரும் திட்டலையே" என்றாள்.

*

கப்பல் கிளம்பிய மாலை, வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, பெட்டிகள் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தன. தெகுவாங் பெரிய பெட்டியை இழுத்தான். அது கதவிடுக்கில் சக்கரம் சிக்கி நின்றது. அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினான்.

"யூச்சிங்! வந்துருச்சு, வா வா!"

வலப்பக்கம், அவள் எழுதியபடியே, ஆமைத் தீவு வந்தது. மங்கின தங்க நிற நீரில் முதுகு உயர்ந்து, கழுத்து தாழ்ந்து, தலை கப்பலை நோக்கி. தெகுவாங் படம் எடுத்துத் தள்ளினான். அவன் சுபாவத்தில் நல்லவன். நல்லவனாக இருக்க அவனுக்கு யோசனை தேவைப்படாது.

"அத்தையக் கூப்பிடட்டுமா? நேத்து முழுக்க இதத்தானே கேட்டுட்டு இருந்தாங்க?"

கூப்பிட்டால் அம்மா இங்கே வருவாள். வந்தால் பால்கனியைப் பார்ப்பாள். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் அவள் மனதில் ஓடி முடிந்தது.

"வேண்டாம். தூங்கிட்டு இருப்பாங்க. வயசானவங்களுக்கு என்ன தீவு?"

"இல்ல, மொட்டைத்தளத்துக்காவது..."

"விடேன். அவங்களுக்குக் காத்து ஆகாது."

தெகுவாங் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு படம் எடுத்தான். தீவு மெல்லப் பின்னால் போயிற்று. அது மறையும்வரை யூச்சிங் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்காமல் உள்ளே போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் தோன்றியது. அழகாகத்தான் இருந்தது, அவளும் ரசித்தாள்.

*

சாப்பாட்டுக்கு அழைக்கக் கீழே போனபோது அம்மா விளக்குப் போடாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகத் தயாராக, முடி வாரி, சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, மடியில் கைப்பையோடு. எதிரே டிவி. கப்பலின் முகப்பில் பொருத்திய கேமரா காட்டும் கடல், கறுத்துக்கொண்டே வந்தது. ஒலி இல்லை.

"ஏம்மா இருட்டுல உக்காந்திருக்க? லைட் எங்க இருக்குன்னு தெரியலையா?"

"தெரியும். போட்டா கடல் சரியாத் தெரியல."

யூச்சிங் விளக்கைப் போட்டாள். அறை சட்டென்று சுருங்கியது. கட்டிலருகே அம்மாவின் துணிச் செருப்புகள், ஒன்று கட்டிலைப் பார்த்து, மற்றது கதவைப் பார்த்து. அந்நிய அறையில் தங்கினால் அம்மா அப்படித்தான் வைப்பாள். ஏதாவது ஆவி அலைந்துகொண்டு வந்தால், இங்கே படுத்திருப்பவள் வந்தாளா போனாளா என்று குழம்பித் திரும்பிப் போய்விடுமாம். நுழையும் முன்பு கதவைத் தட்டி, உள்ளே இல்லாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் நுழைந்திருப்பாள். சின்ன வயதில் விடுதிகளில் இதற்காகவே யூச்சிங் கூசிப்போயிருக்கிறாள்.

நடையில் போகும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஆமையத் தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம்மா. இருட்டிடுச்சு. ஒண்ணும் தெரியல."

"ஓ" என்றாள் அம்மா.  மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கப்பல் ஆடவே இல்லை என்றபோதும்.

*

உணவறை வாசலில் ஒவ்வொரு தாய்க்கும் சிவப்புக் கார்னேஷன் பூ கொடுத்தார்கள். யூச்சிங் அதை அம்மாவின் சட்டையில் குத்தினாள். ஊசி வழுக்கியது. "மெதுவா, நான் என்ன கானாங்கெளுத்தியா?" என்று அம்மா சிரித்தாள்.

முதல் பந்தி, ஜன்னலோர வட்டமேசை. யூச்சிங் முன்னதாகவே கேட்டு வாங்கியது. அதே மேசைக்கு இன்னொரு குடும்பமும் வந்தது: ஒரு மகன், மருமகள், அவர்களுடன் குட்டையாக, கன்னம் வெயிலில் கன்றிய ஒரு கிழவி. பயணம் முடியும்வரை இதே மேசை, இதே முகங்கள். கிழவி உட்காருமுன்பே அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ பொறந்தது என்ன மிருகத்து வருஷம்?"

"ஆடு."

"நான் குரங்கு, ஆட்டுக்கு அடுத்த வருஷம். அப்ப நீ அக்கா. நான் கிம்முய். யூன்லின்ல பூண்டு போடறோம். உன் பேரு?"

"ஆஹுன்."

"ஆஹுன் அக்கா, இந்த சூப்பக் குடிச்சியா? சட்டி கழுவின தண்ணில மிளகு போட்டிருக்கான்."

"மீனப் பாரு" என்றாள் அம்மா. "இது கடலக் கடைசியாப் பாத்தே வருஷமாயிருக்கும். நாமதான் இத மறுபடி கடலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

கிம்முய் சிரித்ததில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. யூச்சிங்குக்கும் ஆறுதலாக இருந்தது. அம்மாவுக்குத் துணை கிடைத்துவிட்டது. இனி அவளைப் பற்றி ஒவ்வொரு மணியும் நினைக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியின் ருசியைக் கூட அவள் கவனித்தாள், அதற்குள் கிம்முய்யின் மகன் கைப்பேசியை மேசை நடுவே நீட்டிவிட்டான்.

"சாயங்காலம் எடுத்தேன். ஆமைத் தீவு. இவ்வளவு தெளிவா யாரும் எடுத்திருக்க முடியாது."

படத்தில் தங்க நீர். உயர்ந்த முதுகு. இருட்டு எங்கும் இல்லை.

"ஆமையாம்" என்றாள் கிம்முய். "எனக்கு அது தவளையாத்தான் தெரிஞ்சுது. ஆஹுன் அக்கா, நீ பாத்தியா?"

யூச்சிங் கிண்ணத்தைப் பார்த்தாள். காது மட்டும் உடம்பைவிடப் பெரிதாக வளர்ந்து அம்மாவின் பக்கம் சாய்ந்தது.

"பாத்தேனே" என்றாள் அம்மா. "என் ரூம்ல பால்கனி இருக்கு. அங்கேருந்து பாத்தேன். ஆமைதான் அது. எங்க ஊர்க் கரையில நின்னா முதுகு மட்டும்தான் தெரியும். கடல்லேருந்து வர்றவங்களுக்குத்தான் முகத்தக் காட்டும். கழுத்த நீட்டி, யாரு வர்றான்னு பாக்கற மாதிரி இருக்கும்."

அவை அப்பாவின் வார்த்தைகள். ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும், கால் கழுவிக்கொண்டே, யாரு வர்றான்னு பாத்துச்சு என்று அவர் சொல்வார். அம்மா அதை அப்படியே எடுத்து, தன் கண்ணால் கண்டதுபோல் மேசையில் வைத்தாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை.

"பொண்ணும் மாப்பிள்ளையும் எனக்குன்னு தனியா எடுத்துக் கொடுத்தாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

"கொடுத்து வெச்சவ!" கிம்முய் தன் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எங்க ரூமும் பால்கனிதான். மூணு பேரும் அதுலயே, பூண்டு மூட்டை அடுக்கின மாதிரி. என் படுக்கை கூரையிலேருந்து இறங்குது. மருமக நல்லவதான், ஆனா குறட்டை. மகனாவது விட்டு விட்டுத்தான் குறட்டை விடறான்."

"அத்தை!" என்றாள் மருமகள், சிவந்து.

"செருப்பு வைக்கக்கூட இடமில்ல. ஒண்ண இந்தப் பக்கம் ஒண்ண அந்தப் பக்கம் வெச்சா இவன் காலால தள்ளி விட்டுடறான். அக்கா, நீ வைப்பியா?"

"வைக்காம எப்படித் தூங்கறது? தெரியாத ஊரு, அதுவும் தண்ணி மேல."

"நாளைக்கு சாயங்காலம் உன் ரூமுக்கு வர்றேன். பால்கனில உக்காந்து பேசுவோம். இவங்க கண்ணு படாம நாலு வார்த்த."

"வா" என்றாள் அம்மா. அவ்வளவு சாதாரணமாக.

தெகுவாங் மனைவியைப் பார்த்தான். யூச்சிங் அம்மாவின் தட்டில் ஒரு துண்டு மீனை எடுத்து வைத்தாள். மேசையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், நல்ல மகள். 

யூச்சிங் அம்மாவை அறை வரைக்கும் கொண்டுவிடப் போனாள். கதவருகே வந்ததும் அம்மா, சாவி அட்டையைத் தேடிக்கொண்டே, பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதுபோல் சொன்னாள். "நாளைக்கு சாயங்காலம் உன் ரூமக் கொஞ்சம் கொடு. ஒரு மணி நேரம் போதும்."

"அம்மா, நான்..."

"அவ முன்னாடி சொல்லிட்டேன். இனிமே மாத்தினா நல்லாருக்காது." கதவைத் திறந்தாள். உள்ளே டிவியில் கடல் முழுக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. "போய்ப் படு. நீயும் அலைஞ்சிருக்க."

*

மறுநாள் இஷிகாகியில் எல்லாம் யூச்சிங் எழுதியபடியே நடந்தது. முண்டியடித்து முதலில் இறங்கியவர்கள் குடியேற்ற வரிசையில் வெயிலில் நின்றார்கள். இவர்கள் நிதானமாகக் காலை உணவு முடித்துக் கடைசியாக இறங்கி, நிற்காமல் வெளியே வந்தார்கள். கப்பல்காரர்களின் சுற்றுலாப் பேருந்தை விட்டு ஊர்ப் பேருந்தில் ஏறினார்கள், உட்கார இடம் கிடைத்தது. எத்தனையோ பேருக்குச் சொன்ன யோசனை. இன்று ஒவ்வொன்றும் பலித்தது அவளைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

எதையாவது செய்ய வேண்டும் என்று பரபரத்தாள். அம்மாவுக்குத் தொப்பி வாங்கட்டுமா, ஐஸ்கிரீம் வேண்டுமா, கால் வலிக்கிறதா. அம்மா எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்று நல்ல முகத்தோடு சொன்னாள். சந்தையில் மீன்கடை முன்னால் மட்டும் தானாக நின்றாள். கிளிமீன்களை, அவற்றின் நீலத்தை, வாய் பார்த்து நின்றாள்.

"இத வெட்ட மனசு வருமா? நம்ம கானாங்கெளுத்தியாவது பாக்க நம்மள மாதிரி இருக்கும்."

"அம்மா, நேத்து..."

"இவங்க ஐஸ் நல்லாப் போடறாங்க" என்றாள் அம்மா. "பாரு, கண்ணு மங்கவே இல்ல."

அவள் தடுக்கிறாள் என்று யூச்சிங்குக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டால் மன்னித்ததாகச் சொல்ல வேண்டும். அந்த வேலையை அம்மா செய்ய விரும்பவில்லை. கோபமாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லி யூச்சிங்குக்குப் பழக்கம் உண்டு.

*

கப்பல் மறுபடி நகரத் தொடங்கிய பிறகு அம்மா மேலே வந்தாள், கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று கதவைத் தட்டினாள். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ள வாம்மா."

"பொறு" என்றாள். வழக்கமான மன்னிப்பை முணுமுணுத்துவிட்டு உள்ளே வந்தாள். யூச்சிங்குக்கு அந்த மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது என்று சந்தேகம் வந்தது.

பையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. இரவுச் சட்டையை மடித்துத் தலையணை மேல் வைத்தாள். மாத்திரைப் பெட்டி விளக்கருகே. வெந்நீர்க் குடுவை. பல் துலக்கும் குவளையில் கார்னேஷன். ஒரு களவுக்குத் தயாராவதுபோல இல்லை. வீடு மாறி வந்தவள் முதல் நாள் சாமான்களை வைப்பதுபோல, நிதானமாக. தெகுவாங் தன் சவரக் கருவியையும் பெரிய செருப்புகளையும் அலமாரிக்குள் திணித்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

"நான் எங்க போகட்டும்?"

"என் ரூம்ல போய்ப் படுங்க மாப்பிள்ளை" என்று அம்மா சாவி அட்டையை நீட்டினாள். "நல்லாத் தூக்கம் வரும்."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

"பையில இருக்கற என் செருப்ப மட்டும் எடுத்து வெச்சிடு, இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா பால்கனிக் கதவைத் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்தது. முதல் தடவையாக அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யூச்சிங் பின்னாலிருந்து பார்த்தாள். சிவப்புச் சட்டைக்குள் முதுகு சிறுத்திருந்தது. அம்மா கடலைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான் தடவிக்கொண்டிருந்தாள், விலை கேட்கும் முன் துணியைத் தடவுவதுபோல.

யூச்சிங் குனிந்து செருப்புகளைக் கட்டிலருகே வைத்தாள். ஜோடி சேர்த்து, நுனி ஒன்றாக, கோடு பிடித்ததுபோல. நல்ல விடுதிகளில் வைப்பார்களே, அப்படி. அந்த வேலையைச் சரியாகச் செய்ததில் ஒரு சிறு திருப்திகூட வந்தது.

கிம்முய் ஒரு பொட்டலம் உலர்ந்த பிளம்ஸோடு வந்தாள்.

"அடேயப்பா! பால்கனின்னா இது. எங்களோடது தீப்பெட்டி." கட்டிலைத் தட்டிப் பார்த்தாள், திரையை இழுத்துப் பார்த்தாள். யூச்சிங்கைப் பார்த்து, "பொண்ணு, நீயும் இங்கதான் இருக்கியா? உங்க ரூம் எங்க?" என்றாள்.

"கீழ" என்றாள் யூச்சிங்.  "கீழ, நடுவுல. ஜன்னல் இல்லாத ரூம்."

"பாத்தியா! அம்மாவுக்கு வெளிச்சத்தக் கொடுத்துட்டு நீ இருட்டுல இருக்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அம்மா பிளம்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அப்போதுதான் கிம்முய்யின் பார்வை கீழே இறங்கியது. கட்டிலருகே, ஒழுங்காக, ஒரே பக்கம் பார்த்து நின்ற இரண்டு துணிச் செருப்புகள்.

கிம்முய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையணை மேலிருந்த இரவுச் சட்டையைப் பார்த்தாள். அலமாரிக் கதவிடுக்கில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய செருப்பின் வாரைப் பார்த்தாள்.  நேற்று மேசையில் அம்மா சொன்னது அப்போதுதான் யூச்சிங்கின் நினைவுக்கு வந்தது. வைக்காம எப்படித் தூங்கறது?

 கிம்முய் பேச்சை நிறுத்தவில்லை. யூன்லினில் இந்த வருஷம் மழை பூண்டைக் கெடுத்ததைச் சொல்லிக்கொண்டே, தன் கால் கட்டைவிரலால் ஒரு செருப்பை மெல்ல நகர்த்தி, கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"...பாதி அழுகல், பாதி முளை" என்று முடித்துவிட்டு, "வா அக்கா, காத்துல உக்காரலாம்" என்றாள்.

அம்மா அதைப் பார்த்தாள். இரண்டு கிழவிகளும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார்கள். யூச்சிங் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தன்னுடைய அறையில், தன்னுடைய கோப்பைகளில், விருந்தாளியாக வந்த மகளைப் போல் இரண்டு கையாலும் நீட்டினாள். கிம்முய் வாங்கிக்கொண்டு, "நல்ல பொண்ணு" என்றாள். கேலியாகச் சொன்னாளா என்று யூச்சிங் அவள் முகத்தில் தேடினாள். கேலி இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம்.

அவர்கள் கணவன்மாரைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால்களைப் பற்றி. எதற்கோ கிம்முய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். யூச்சிங் உள்ளே கட்டில் ஓரத்தில், அம்மாவின் இரவுச் சட்டையின் பக்கத்தில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். செருப்புகளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

கிம்முய் போனதும் அம்மா எழுந்து பையை எடுத்தாள். வைத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் திரும்ப எடுத்தாள்.

"அம்மா, நீ இங்கயே இரு. நாங்க கீழ போறோம். நெஜமாத்தான் சொல்றேன்."

"வேண்டாம்."

"எனக்காக இரும்மா."

"மேல ஆடும்" என்றாள் அம்மா. "கீழ, நடுவுலன்னா ஆட்டம் கம்மி. நீதானே சொன்ன."

யூச்சிங்கால் நிமிர முடியவில்லை. கீழே பார்த்தபடியே கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்? இந்த ரூம்ல..."

"கப்பல் கிளம்பினப்போ மேல வந்தேன். ஆமை எப்ப வரும்னு கேக்கலாம்னு. கதவுல பெட்டி சிக்கிக் கிடந்துது. உள்ள நல்ல வெளிச்சம்." அம்மா குவளையிலிருந்து கார்னேஷனை எடுத்து, தண்ணீரை உதறினாள். "பேசிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு போயிட்டேன்."

எதைப் பேசியபோது? அத்தையைக் கூப்பிடட்டுமா என்றபோதா? வயசானவங்களுக்கு என்ன தீவு என்றபோதா? கேட்டால் அம்மா சொல்லக்கூடும். யூச்சிங் கேட்கவில்லை. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையில் போவதைப் பார்த்து நின்றாள். துணைக்குப் போகலாமா என்பதுகூட அப்போது அவளுக்கு முடிவு செய்ய முடியாததாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெகுவாங் வந்தான். முகத்தில் தூங்கி எழுந்த கோடு.

"யூச்சிங்" என்றான். "அந்த ரூம்ல பகலா ராத்திரியான்னே தெரியல." பிறகு தன் செருப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தான்.

*

கடைசிக் காலை. கீலுங் திரும்பும் வழியில் ஆமைத் தீவு இடப்பக்கம் வரும். அவர்களுடைய பால்கனியிலிருந்து தெரியாது. இதையும் யூச்சிங் அறிவாள். குழுவில் யாரும் கேட்காததால் எழுதியதில்லை.

கீழே போய் அம்மாவின் கதவைத் தட்டினாள். அழைத்துக்கொண்டு மொட்டைத்தளத்துக்குப் போக வேண்டும், சொல்ல வேண்டியதை அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று இரவெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் தட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. அறை துப்புரவு செய்பவர் அந்த வழியே வந்து, அந்தப் பாட்டி விடியும்போதே மேலே போய்விட்டாரே என்றார்.

மொட்டைத்தளத்தின் இடது ஓரத்தில் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. கம்பியை ஒட்டி இரண்டு கிழவிகள். கிம்முய் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். அம்மாவின் சிவப்புச் சட்டை காற்றில் படபடத்தது. இந்த இடத்துக்கு அறை வேண்டாம், சாவி வேண்டாம். கப்பலில் ஏறிய எவரும் வந்து நிற்கலாம். இத்தனை பயணங்களில் யூச்சிங் ஒருவருக்கும் சொல்லாத யோசனை அது.

கடலுக்கு அப்பால் தீவு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பாத்தாலும் தவளைதான்" என்றாள் கிம்முய்.

"கண்ணாடி மாத்து."

"சரி, ஆமைத் தவளை. உன் வீட்டுக்காரருக்காக விட்டுக் கொடுக்கறேன்."

யூச்சிங் சில அடி பின்னாலேயே நின்றுவிட்டாள். அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்வரை வரவில்லை. முன்னால் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். நாற்பது வருஷம் முதுகை மட்டும் பார்த்திருந்த ஒன்றின் முகத்தை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று பார்க்கலாம். அந்த உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ. திரும்பவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.

"வந்துட்டியா" என்றாள், தீவைப் பார்த்தபடியே. "இன்னிக்கு இருட்டல."

கிம்முய் சிரித்தாள், என்னவென்று தெரியாமலா தெரிந்தா என்று சொல்ல முடியாத சிரிப்பு. யூச்சிங் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தீவு நகர்ந்துகொண்டிருந்தது.